லெவன் பிளஸ்: மொத்தம் 336, கணிதத்தில் மட்டும் 104. இந்த மதிப்பெண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

கிரேவ்செண்ட்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகள் கடந்த செப்டம்பரில் இங்கிலாந்தின் கென்ட் கவுண்டியில் லெவன் பிளஸ் தேர்வை, அதாவது தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் கிராமர் பள்ளிகளுக்கான தகுதித் தேர்வை, எழுதினாள். முடிவு இந்த வாரம் மின்னஞ்சலில் வந்தது. ஆங்கிலம் 121, கணிதம் 104, ரீசனிங் 111, ஆக மொத்தம் 336. கிராமர் பள்ளிக்கு மொத்தம் 332 வேண்டும் என்பது மட்டுமே எங்கள் மனத்தில் இருந்ததால், எண்ணைப் பார்த்தவுடன் மகிழ்ச்சியடைந்துவிட்டோம். மூன்று பகுதிகளிலும் தனித்தனியே ஒரு குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தொட வேண்டும் என்பதும், கணிதத்தில் அவள் அதற்கு இரண்டு மூன்று மதிப்பெண் கீழே நின்றுவிட்டாள் என்பதும் மின்னஞ்சலின் அடுத்த வரியைப் படித்த பிறகே புரிந்தது. "ஹை ஸ்கூல்" என்று, அதாவது கிராமர் பள்ளிக்குத் தகுதி இல்லை என்று, முடிவு சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு விளங்காதது இதுதான். வீட்டில் பயிற்சித் தாள்கள் போடும்போது கணிதத்தில் அவள் பெரும்பாலும் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாமல் வாங்குவாள். தேர்வு முடிந்து வந்தபோதும் கணிதம் சுலபமாக இருந்தது, ஆங்கிலம்தான் கடினம் என்றாள். முடிவோ நேர்மாறாக வந்திருக்கிறது. எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பையனும் அவளும் சேர்ந்தே பயிற்சித் தாள்களைப் போட்டு வந்தார்கள். கணிதத்தில் இருவரும் ஒரே அளவில்தான் இருப்பார்கள். அவனுக்குக் கணிதத்தில் 108 வந்து, மொத்தம் 333 பெற்றுத் தேர்ச்சியடைந்துவிட்டான். அவன் ஆகஸ்டில் பிறந்தவன், எங்கள் மகள் அக்டோபரில் பிறந்தவள். வயதை வைத்து மதிப்பெண்ணைக் கூட்டிக் குறைப்பார்கள் என்று அவனுடைய அம்மா சொன்னார். அப்படியானால் என் மகளுக்கு முன்னதாகப் பிறந்ததற்காக மதிப்பெண் குறைத்துவிட்டார்களா? எத்தனை கேள்விக்குச் சரியாக விடையளித்தாள் என்ற எண்ணும் முடிவில் இல்லை. இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


வடமராட்சியான் எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் இங்கே ஓர் இரண்டாம்நிலைப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், 104 என்பது நூற்றுக்கு இத்தனை என்ற வகைப் புள்ளி அன்று. ஓர் ஒப்பீட்டுக் குழுவின் சராசரியை 100 என்றும், அந்தக் குழுவுக்குள் புள்ளிகள் பரந்து கிடக்கும் அளவை, அதாவது நியம விலகலை, 15 என்றும் வைத்துக்கொண்டு, உங்கள் பிள்ளை அந்தக் குழுவில் எவ்விடத்தில் நிற்கிறாள் என்பதைச் சொல்லும் எண் அது. 100 எடுத்த பிள்ளை குழுவின் சரிநடுவில் நிற்கிறது. 104 என்றால் நூறு பேரில் ஏறக்குறைய 60 பேரை விடவும், 111 என்றால் ஏறக்குறைய 77 பேரை விடவும், 121 என்றால் ஏறக்குறைய 92 பேரை விடவும் மேலே என்று பொருள். ஆகவே உங்கள் மகள் கணிதத்தில் பலவீனமானவள் அல்லள். சராசரிக்குச் சற்று மேலே நிற்கிறாள், ஆங்கிலத்திலோ மிக உயரத்தில் நிற்கிறாள்.

இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிய சங்கதி இல்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு அங்கே எழுதும் க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை எல்லோருக்கும் தெரியும். பிள்ளையின் புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, வந்ததை நியம விலகலால் வகுத்தால் இசட் புள்ளி. அதையே 15ஆல் பெருக்கி 100ஐக் கூட்டினால் இங்கத்தைய புள்ளி. இசட் புள்ளி 1 என்றால் 115, 2 என்றால் 130.

இப்போது "கணிதம் சுலபம், ஆங்கிலம் கடினம்" என்று உங்கள் மகள் சொன்னதற்கு வருவோம். விளக்கத்துக்காக நான் கற்பனையாகச் சில எண்களை எடுக்கிறேன். இரண்டு பகுதியிலும் 25 கேள்விகள், இரண்டிலும் அவள் 20 சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் குழுவின் சராசரி 13, நியம விலகல் 5 என்றால், அவள் சராசரியை விட 7 கேள்வி மேலே. ஏழை ஐந்தால் வகுத்தால் 1.4, அதை 15ஆல் பெருக்கினால் 21, ஆகவே 121. கணிதம் எல்லோருக்கும் சுலபமாக இருந்து சராசரி 19, நியம விலகல் 4 என்றால், அவள் சராசரியை விட ஒரே ஒரு கேள்விதான் மேலே. நான்கில் ஒன்று 0.25, பதினைந்தால் பெருக்கினால் 3.75, ஆகவே 104. அதே 20 சரி, அதே நூற்றுக்கு எண்பது, ஆனால் ஒன்று 121, மற்றது 104. தாள் உங்கள் பிள்ளைக்கு மட்டும் சுலபமாக இருக்கவில்லை, பக்கத்து மேசைப் பிள்ளைக்கும் சுலபமாகவே இருந்திருக்கிறது. சுலபமான தாளில் கவனக்குறைவாக விடும் ஒரு பிழையின் விலை அதிகம் என்பதையும் கவனியுங்கள். இந்தக் கற்பனைக் கணக்கில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி 3 புள்ளி, கணிதத்தில் ஒரு கேள்வி ஏறக்குறைய 4 புள்ளி. உங்கள் மகளுக்குக் குறைந்த அந்த இரண்டு மூன்று புள்ளி, ஒரே ஒரு கேள்வியாகவே இருந்திருக்கக்கூடும்.

ஏன் இவ்வளவு பாடு, சரியான விடைகளை எண்ணி அப்படியே கூட்டினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அப்படிக் கூட்டினால் எந்தப் பகுதியில் புள்ளிகள் அதிகமாகப் பரந்திருக்கின்றனவோ அந்தப் பகுதியே மொத்தத்தைத் தீர்மானித்துவிடும். எல்லோரும் 18க்கும் 22க்கும் இடையில் எடுத்த ஒரு தாளும், 5 முதல் 25 வரை சிதறிப்போன ஒரு தாளும் சேரும்போது, முன்னது இருந்தும் இல்லாதது போலத்தான். மூன்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்த பிறகு கூட்டுவதாலேயே மூன்றுக்கும் சம எடை கிடைக்கிறது. கென்டில் ஒவ்வொரு பகுதியும் 69இலிருந்து 141 வரை போகும், மொத்தத்தின் உச்சம் 423. 141 என்பது அளவுகோல் அங்கே முடிகிறது என்பதைத்தான் காட்டுகிறது. எல்லாக் கேள்விக்கும் சரியாக விடையளித்ததாக அதற்குப் பொருளில்லை.

அடுத்து வயது. செப்டம்பரில் இந்தப் பரீட்சை நடக்கும்போது, மாதத் தொடக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு 11 வயது நிறைந்திருக்கும், ஆகஸ்ட் கடைசியில் பிறந்த பிள்ளைக்கு 10 வயதுதான் நிறைந்திருக்கும். ஒரே வகுப்பு, ஏறக்குறைய ஓராண்டு இடைவெளி. அந்த வயதில் ஓராண்டு என்பது பிள்ளையின் முழு வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு. சொல்வளத்திலும் கணக்கின் வேகத்திலும் அது தெரியத்தான் செய்யும். ஆகவே ஒவ்வொரு பிள்ளையையும் அதே மாத வயதுள்ள பிள்ளைகளின் வரிசையில் நிறுத்திப் பார்க்கிறார்கள். நடைமுறையில் நான் மேலே காட்டிய எளிய சூத்திரத்தை அப்படியே போடுவதில்லை. பரீட்சை எழுதியோரின் விடைகளை வைத்து, ஒரு மாதம் கூடினால் எத்தனை கேள்வி கூடுகிறது என்று கண்டு, ஒவ்வொரு மாத வயதுக்கும் ஒரு நிரலாக அட்டவணை தயாரித்து, வரிசையில் பிள்ளையின் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்துக்குரிய புள்ளியை மணிவடிவ வளைகோட்டிலிருந்து எடுக்கிறார்கள். முன்கூட்டியே "ஆகஸ்ட் பிள்ளைக்கு இத்தனை போனஸ்" என்று யாரும் எழுதி வைத்திருப்பதில்லை. மூத்த பிள்ளைகளுக்கும் இளைய பிள்ளைகளுக்கும் அந்தத் தாளில் வித்தியாசமே இல்லையென்றால் திருத்தமும் இருக்காது. என் கற்பனைக் கணக்கையே தொடர்ந்தால், கணிதத்தில் பத்து மாதத்துக்கு ஒரு கேள்வி வித்தியாசம் என்று வந்தாலே, அதே 20 சரியான விடைக்கு அக்டோபர் பிள்ளைக்கு 104, ஆகஸ்ட் பிள்ளைக்கு 108 கிடைக்கும். உங்கள் தெருப் பையனுக்கு நடந்தது இதுவாக இருக்கலாம். உங்கள் மகளிடமிருந்து எதையும் யாரும் கழிக்கவில்லை. அவளை அக்டோபர் பிள்ளைகளோடும் அவனை ஆகஸ்ட் பிள்ளைகளோடும் ஒப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த மாத வயதுக் கணக்கு நேற்று முளைத்ததும் அன்று. 1921இல் நார்தம்பர்லண்ட் கிராமப்புறப் பிள்ளைகளுக்காகப் பரீட்சை தயாரித்த காட்ஃப்ரி தாம்சன் என்ற உளவியலாளர், பின்னர் எடின்பரோவின் மோரே ஹவுஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்துகொண்டு இதற்கான முறைகளை வளர்த்தார். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு லெவன் பிளஸ் நாடெங்கும் பரவியபோது மோரே ஹவுஸ் தாள்களே பல இடங்களில் பயன்பட்டன.


பக்ஸ் தகப்பன் எழுதியது:

ஐயாவின் விளக்கம் அருமை. நான் பக்கிங்ஹாம்ஷயரில் இருக்கிறேன், பையன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதினான். ஒரு விஷயத்தை மட்டும் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பெற்றோர் பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

இந்த மதிப்பெண் ஓர் ஒப்பீடு என்றால், யாரோடு ஒப்பீடு என்ற கேள்வியைக் கேட்காமல் அந்த எண்ணைப் படிக்கவே கூடாது. நாடு முழுவதிலும் உள்ள பத்து வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்ட 115 வேறு. இரண்டு ஆண்டு டியூஷன் போய், தேர்வெழுதவே விரும்பி வந்த பிள்ளைகளோடு மட்டும் ஒப்பிட்ட 115 வேறு. இரண்டாவது குழுவில் சராசரியாக நிற்கும் பிள்ளை முதல் குழுவில் மிக மேலே நிற்கக்கூடும். எங்கள் ஊரில் தகுதி மதிப்பெண் 121. கென்டின் 332ஐ மூன்றால் வகுத்து 111 என்று வைத்துக்கொண்டு, "பக்ஸ் தேர்வு கென்டை விடப் பத்து மதிப்பெண் கடினம்" என்று சொல்பவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே அளவுகோலில் இல்லை. எங்களுக்கு மொழிப் பகுதிக்குப் பாதி எடை, கணிதத்துக்குக் கால், படங்களை வைத்துக் கேட்கும் நான்வெர்பல் பகுதிக்குக் கால். ஆங்கிலத்தில் 121 எடுத்த உங்கள் மகள் போன்ற பிள்ளைக்கு எங்கள் எடைக்கணக்கு சாதகமாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது, குழு வேறு என்பதால்.

இந்தியாவில் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் எழுதிய பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இதே தர்க்கம் பழக்கமானதுதான். பல ஷிஃப்டுகளில் பல வினாத்தாள்கள். ஆகவே 2019 முதல் ஒவ்வொருவரையும் அவரவர் ஷிஃப்டில் எழுதியவர்களோடு ஒப்பிட்டு, நூற்றுக்கு எத்தனை பேருக்கு மேலே என்று காட்டும் பெர்சென்டைல் தருகிறார்கள். வினாத்தாள் கடினமா சுலபமா என்ற புலம்பலுக்கு அதற்குமேல் பொருள் இல்லை. இங்கே ஷிஃப்டுக்குப் பதிலாகப் பிறந்த மாதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, மாக் டெஸ்ட். எங்கள் பையனை ஒரு டியூஷன் மையத்தின் மாதிரித் தேர்வுக்கு அனுப்பினோம். மையத்தின் பெயர் வேண்டாம். கட்டணம் சிறிதில்லை. "தரப்படுத்திய மதிப்பெண் 127" என்று வண்ணத்தாளில் அறிக்கை கொடுத்தார்கள். அன்றைக்கு அந்த அரங்கில் இருந்த பிள்ளைகள் மொத்தமே ஐம்பது அறுபது பேர்தான். அந்த ஐம்பது அறுபது பேரை மாத வாரியாகப் பிரித்தால் மாதத்துக்கு ஐந்து பேர். ஐந்து பேரை வைத்து எந்த அட்டவணை போட்டார்கள் என்று கேட்டேன், பதில் வரவில்லை. உண்மையான தேர்வில் அவன் மதிப்பெண் அந்த 127க்குப் பக்கத்திலேயே வரவில்லை. மாதிரித் தேர்வில் பார்க்க வேண்டியது எந்த வகைக் கேள்வியில் நேரம் போகிறது, எங்கே பிழை விடுகிறான் என்பதை மட்டும்தான். அந்த மூன்று இலக்க எண்ணைக் கிழித்துப் போட்டுவிடலாம்.


ஹேரோ வாசகர் எழுதியது:

மேலே எழுதிய இருவரின் விளக்கமும் கணக்களவில் சரி. ஆனால் கணக்கு சரியாக இருப்பதாலேயே முடிவு நியாயமாகிவிடாது என்பதால் சில வார்த்தைகள்.

எந்த ஒப்பீட்டுக் குழு என்பதைக் கணிதம் தீர்மானிப்பதில்லை, ஆட்சியாளர்கள் தீர்மானிக்கிறார்கள். எங்கள் தலைமுறைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இலங்கையில் 1971இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250, சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 என்று வெட்டுப்புள்ளி வைத்தபோதும், பின்னர் மொழிமூல வாரியாகப் புள்ளிகளை ஓர் அளவுக்குக் கொண்டுவந்தபோதும், புள்ளிவிபரவியலின் பெயரில்தான் அதைச் செய்தார்கள். 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் என்று இரண்டு குழுவினர் வெவ்வேறு தாள்களை எழுதியிருக்க, இருவரையும் ஒன்றாகப் போட்டு இசட் புள்ளி கணித்ததை 2012இல் இலங்கையின் உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்) ஏற்கவில்லை. அவர்களை இரண்டு தனிக் குழுக்களாகக் கொண்டு மீண்டும் கணிக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்திலும் பர்மிங்ஹாமில் பெண்களுக்கான கிராமர் இடங்கள் ஆண்களுக்கானவற்றை விடக் குறைவாக இருந்ததால், ஒரு சிறுமி ஒரு சிறுவனை விட அதிகப் புள்ளி எடுத்தால்தான் இடம் என்ற நிலை இருந்தது. அது பாகுபாடு என்று, அப்போது நாட்டின் அதியுயர் நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1989இல் தீர்ப்பளித்தது. வயதை வைத்துப் பிரிப்பதை நான் இவற்றோடு சேர்க்கவில்லை. அதற்கு வலுவான காரணம் இருக்கிறது, கோடையில் பிறந்த பிள்ளைகள் தொடக்கப் பள்ளிக் காலம் முழுவதும் சராசரியாகப் பின்தங்கி நிற்பது பலமுறை காட்டப்பட்ட உண்மை. ஆனாலும் அது ஒரு தெரிவு என்பதை மறக்கக்கூடாது.

என்னுடைய உண்மையான மனக்குறை வேறு. எந்தப் பரீட்சைப் புள்ளிக்கும் ஒரு தள்ளாட்டம் உண்டு. அதே பிள்ளை அடுத்த வாரம் அதே தரத்திலான வேறொரு தாளை எழுதினால் அதே புள்ளி வராது. பரீட்சையின் நம்பகத்தன்மைக் குணகம், அதாவது புள்ளி எவ்வளவு நிலையானது என்பதை 0 முதல் 1 வரை காட்டும் எண், 0.9 என்று, அதாவது நல்ல பரீட்சை என்றே, வைத்துக்கொண்டாலும், 15 நியம விலகலுள்ள அளவுகோலில் அந்தத் தள்ளாட்டம் ஏறக்குறைய 4.7 புள்ளி. ஆகவே 104 என்பது உண்மையில் 99க்கும் 109க்கும் இடையில் எங்கோ என்பதுதான், அதுவும் மூன்றில் இரண்டு பங்கு உறுதியோடு. இருபத்தைந்து நிமிடக் கணிதப் பகுதி ஒன்றில் இரண்டு புள்ளி குறைந்ததற்காக, மொத்தத்தில் 336 எடுத்த பிள்ளையை நிறுத்துவது, இருக்கும் எண்களிலேயே மிக அதிகம் தள்ளாடும் எண்ணை வைத்து முடிவெடுப்பதாகும். மூன்றையும் கூட்டும்போது ஒரு பகுதியின் பிழை இன்னொன்றின் பிழையால் ஓரளவு சமன்படும். தனிப் பகுதியில் அந்த வாய்ப்பே இல்லை. மொத்தத்தை மட்டும் பார்க்கட்டும் என்பதே என் கருத்து.


வடமராட்சியான் எழுதியது:

தள்ளாட்டம் பற்றி ஹேரோ வாசகர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் குறைந்தபட்சமே வேண்டாம் என்பதை ஏற்க முடியவில்லை. 141, 122, 69 என்று எடுத்தாலும் கூட்டுத்தொகை 332தான். கணிதத்தில் 69 எடுத்த, அதாவது அளவுகோலின் அடிமட்டத்தில் நிற்கும் பிள்ளையை, நான்கில் மூன்று பங்கு வகுப்பு சரளமாக அல்ஜீப்ரா போடும் ஏழாம் ஆண்டு வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் உதவி அன்று. வகுப்பறையில் இதைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். குறைந்தபட்சம் இருக்கட்டும். ஆனால் மொத்தத்துக்குத் தேவையான சராசரி ஏறக்குறைய 111 என்றிருக்க, குறைந்தபட்சத்தை 107க்குப் பக்கத்தில் வைக்கும்போது இடைவெளி ஒரு பரீட்சையின் தள்ளாட்டத்தை விடவும் சிறியதாகிவிடுகிறது. 100ஐ, அதாவது நடுவை, குறைந்தபட்சமாக வைத்திருந்தால் ஒரு பகுதியில் மிகவும் பின்தங்கிய பிள்ளைகளும் வடிகட்டப்படுவார்கள், இந்தச் சிறுமி போன்றவர்களும் தப்பியிருப்பார்கள். அப்படி வைத்தால் தேர்ச்சியடைவோர் தொகை கூடும், பிறகு மொத்தத்தை 332இலிருந்து உயர்த்த வேண்டி வரும் என்பது நிர்வாகத்தின் பதிலாக இருக்கும். அது உண்மையும்கூட. கென்டின் கொள்கை கவுண்டியின் பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினரைத் தேர்ந்தெடுப்பது. பரீட்சை மூலம் 21 விழுக்காட்டினர், தலைமையாசிரியர் மதிப்பீடு மூலம் 4 விழுக்காட்டினர் என்பது திட்டம். தாள்கள் திருத்தி முடிந்த பிறகே, அந்தப் பங்குக்கு ஏற்றவாறு எல்லைகளை வைக்கிறார்கள். 332 அண்மைய ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வந்தாலும், குறைந்தபட்சம் ஓரிரு புள்ளி ஏறி இறங்குவதற்குக் காரணம் அதுவே. ஓரிடத்தில் தளர்த்தினால் இன்னோரிடத்தில் இறுக்கித்தான் ஆகவேண்டும்.


கிரேவ்செண்ட்வாசி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஐயாவின் 20 கேள்விக் கணக்கை இரவு அவளுக்கும் போட்டுக் காட்டினேன். "அப்போ கஷ்டமான பேப்பர்தான் எனக்கு நல்லதா?" என்று கேட்டாள், எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு சந்தேகங்கள் மிச்சம் இருக்கின்றன. மேல்முறையீடு செய்தால், வயதுக் கணக்கையோ அந்தத் தள்ளாட்டத்தையோ காரணமாகக் காட்ட முடியுமா? அந்தத் தலைமையாசிரியர் மதிப்பீட்டுக்கு நாங்கள் இப்போது விண்ணப்பிக்கலாமா?


வடமராட்சியான் எழுதியது:

மகளின் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது கெட்டிக்காரக் கேள்வி. அவள் நன்றாகச் செய்யும் பாடத்தில் தாள் கடினமாக இருந்தால் அவளுக்கு நல்லது, மற்றவர்கள் கீழே தங்கிவிட அவள் தனித்துத் தெரிவாள். அவள் நடுத்தரமாகச் செய்யும் பாடத்தில் கடினமான தாள் அவளையும் மற்றவர்களோடு சேர்த்துக் கீழே இறக்கும், புள்ளி பெரிதாக மாறாது. மிகச் சுலபமான தாள் மட்டும் யாருக்கும் நல்லதில்லை. எல்லோரும் மேல் முனையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால், அங்கே ஒரு கேள்வியே வரிசையில் பல இடங்களை மாற்றிவிடும்.

மேல்முறையீட்டைப் பற்றி அனுபவமுள்ளவர் யாராவது எழுதட்டும்.


மெட்ஸ்டோன் அம்மா எழுதியது:

எங்கள் மூத்தவனுக்கு இதே போன்ற நிலை வந்து மேல்முறையீட்டுக் குழு வரை போனவர்கள் நாங்கள். ஆகவே நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

தலைமையாசிரியர் மதிப்பீட்டுக்குப் பெற்றோர் விண்ணப்பிக்க முடியாது. மதிப்பெண்கள் பெற்றோருக்கு வருவதற்கு முன்பே தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியருக்குப் போய்விடும். எல்லையைத் தொடாத பிள்ளைகளில் யாரை அனுப்பலாம் என்று அவர் தீர்மானிப்பார். பிள்ளையின் வகுப்புப் பயிற்சி ஏடுகளையும், தேர்வு நாளில் எழுதிய, ஆனால் மதிப்பெண் போடப்படாத கட்டுரையையும் ஒரு குழு பார்த்து முடிவெடுக்கும். இதெல்லாம் உங்களுக்கு மின்னஞ்சல் வருவதற்கு முன்பே முடிந்திருக்கும். நீங்கள் இப்போது செய்யக்கூடியது, உங்கள் மகளின் பெயர் அந்தக் குழுவுக்குப் போனதா என்று தலைமையாசிரியரிடம் பணிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான். 336 மொத்தம் உள்ள பிள்ளையை அனுப்பியிருக்க வாய்ப்பு உண்டு. அனுப்பியிருந்தால் என்ன ஆயிற்று என்பதையும், அனுப்பவில்லையென்றால் ஏன் என்பதையும் கேளுங்கள். மேல்முறையீட்டில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

மேல்முறையீட்டுக் குழுவின் முன் வயதுத் திருத்தம் தவறு என்றோ, அளவுகோல் தள்ளாடுகிறது என்றோ வாதாடுவதில் பயனில்லை. அந்தக் குழு கணக்கை மாற்றிப் போடும் இடம் அன்று. இந்தப் பிள்ளை கிராமர் பள்ளிப் படிப்பைத் தாங்கும் தரத்தில் இருக்கிறாளா என்பதற்குச் சான்று என்ன என்பதையே அவர்கள் பார்க்கிறார்கள். எங்களோடு காத்திருந்த ஒருவர் பக்கம் பக்கமாகப் புள்ளிவிவரம் அச்சிட்டுக் கொண்டுவந்தார். எங்களிடம் கேட்கப்பட்டதோ, கணித ஆசிரியை எழுதிய கடிதத்தின் இரண்டாவது பத்தியைப் பற்றி மட்டும்தான். உங்கள் விஷயத்தில் தேவையானது கணிதத்துக்கான சான்று. வகுப்பில் எந்தக் குழுவில் இருக்கிறாள், ஐந்தாம் ஆண்டு இறுதி மதிப்பீடு என்ன, ஏடுகளில் என்ன தெரிகிறது, தலைமையாசிரியர் வெளிப்படையாக ஆதரித்து எழுதுவாரா என்பவை. தேர்வு நாளில் உடல்நலக் குறைவோ வேறு இடையூறோ இருந்திருந்தால் அதற்கான ஆதாரமும் வேண்டும். பக்ஸ் தகப்பன் ஊரில் நிலைமை சற்று வேறு. அங்கே மேல்முறையீட்டுக்கு முன்பே மறுஆய்வு ஒன்று உண்டு. அந்த மறுஆய்வு நடந்திருந்தால், அது நியாயமாகவும் ஒரே சீராகவும் நடந்ததா என்பதைத்தான் மேல்முறையீட்டுக் குழு முதலில் பார்க்கும். ஆகவே வேறு கவுண்டியில் இருக்கும் உறவினர் சொல்லும் அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எந்தப் பள்ளி என்பதிலும் கவனம் வேண்டும். டார்ட்ஃபோர்ட் கிராமர், டன்பிரிட்ஜில் உள்ள ஜட் போன்ற பள்ளிகள் தகுதி பெற்ற பிள்ளைகளிலேயே மிக உயர்ந்த மொத்தத்தை வைத்து வரிசைப்படுத்துபவை. அங்கே 332ஐத் தாண்டிய பிள்ளைகளே இடமில்லாமல் திரும்புகிறார்கள். தகுதி எல்லையைத் தொட்டவர்களைத் தூரம் போன்ற விதிகளின்படி சேர்க்கும் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதே உங்கள் நிலையில் பொருத்தம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். விண்ணப்பித்து மறுக்கப்பட்ட பள்ளிக்கு எதிராகத்தான் மேல்முறையீடு செய்ய முடியும். ஆகவே "ஹை ஸ்கூல்" என்று முடிவு வந்திருந்தாலும், அக்டோபர் 31க்குள் அனுப்ப வேண்டிய விருப்பப் பட்டியலில் அந்தக் கிராமர் பள்ளியின் பெயரை எழுதிவிட்டு, கீழே உங்களுக்கு உண்மையாகவே பிடித்த, இடம் கிடைக்கக்கூடிய ஒரு பள்ளியையும் கட்டாயம் எழுதுங்கள். மார்ச் 1ஆம் தேதி வரும் கடிதத்தில் கிராமர் பள்ளி மறுப்பு இருக்கும், மேல்முறையீட்டுப் படிவத்தை நிரப்புவது அதற்குப் பிறகுதான்.